கமெண்டரிய எப்ப தொறக்கணும், எப்ப மூடணும்

வீட்டு ஜெபக்கூட்டத்துல வேதபாடம் எடுக்கிறவங்களுக்கு, அதுலயும் போன்ல கமெண்டரி (பைபிளுக்கு அறிஞருங்க எழுதுன விளக்கவுரை) ஆப்ப போட்டு புதுசா கிரேக்கம் பேச ஆரம்பிச்சிருக்கிறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். நானும் அந்த கேஸ்தான், மாயவரம் பக்கம் எங்க சபைல வாரத்துக்கு ஒரு வீட்டுல கூட்டம் நடக்கும், பாடம் எடுக்கிற பொறுப்பு எப்படியோ என் தலைல விழுந்துருச்சு.

மொத வேலை, கமெண்டரிய தொடாதீங்க. அந்த பகுதிய சத்தமா மூணு தடவ படிங்க, மனசுக்குள்ள படிச்சா கண்ணு தாண்டி ஓடிரும். எங்க அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிக்கும், ஒரு அதிகாரத்துக்கு அரை மணி நேரம் ஆகும், ஆனா நான் ரெண்டு வருஷமா பாக்காத வார்த்தைய அது பாத்துரும். அப்புறம் ரெண்டு மொழிபெயர்ப்ப பக்கத்துல பக்கத்துல வைங்க. நம்ம பழைய பைபிள்ல யோவான் ஆரம்பத்துல "வார்த்தை"ன்னு இருக்கும், கத்தோலிக்கரும் மத்த சபைக்காரங்களும் சேந்து போட்ட 1995 திருவிவிலியத்துல "வாக்கு"ன்னு இருக்கும், ரெண்டுக்கும் அடில ஒரே கிரேக்கச் சொல்லுதான், லோகோஸ். வார்த்தைன்னா பேசறது, வாக்குன்னா குடுக்கறதும்கூட. இத யோசிக்க எந்த டிகிரியும் வேணாம்.

இப்ப தொறங்க. அதுகிட்ட கேக்க வேண்டியது இதுதான்: யாரு எழுதுனது, எந்த ஊரு, எந்த காலம், அந்த சொல்லுக்கு அப்ப என்ன அர்த்தம், பழைய கையெழுத்துப் பிரதில எப்படி இருக்கு. இதுல அறிஞருங்க கில்லாடி, மறுக்கவே முடியாது. மாற்கு 16 எடுத்துக்கங்க. 4ம் நூற்றாண்டு பிரதிங்க ரெண்டு இருக்கு, சினாய் பிரதி, வத்திக்கான் பிரதி, ரெண்டுமே 8ம் வசனத்தோட நின்னுடுது, இயேசுவோட கல்லறைக்கு போன பொம்பளைங்க பயந்துக்கிட்டு ஓடுறதோட சரி. 9லேர்ந்து 20 வரைக்கும் அதுல கிடையாது. இத கூட்டத்துல சொல்லலாமான்னு கேப்பீங்க, சொல்லணும், அதுவும் நீங்களே சொல்லணும், இல்லன்னா பசங்க யூடியூப்ல எவனோ கிண்டல் பண்றத பாத்து தெரிஞ்சுக்குவாங்க, அப்ப "நமக்கு ஏன் மறைச்சாங்க"ன்னுதான் மொத கேள்வி வரும். (சர்ப்பங்களை எடுப்பார்கள்னு வர்றது அந்த பகுதிலதான். அத நம்பி நம்மூரு வரப்பு பொந்துல யாரும் கைய விட்றாதீங்க.)

ஆனா எது வரைக்கும்? ஆடுதுறைக்கு மண்ண எடுத்துட்டு போயி டெஸ்ட் பண்ணுவோம்ல, தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு, உப்பு ஏறியிருக்கான்னு கார்டுல வரும், அத பாத்து உரம் போட்டா காசு மிச்சம். அந்த கார்டுலயே மேட்டூர் எப்ப தொறப்பாங்கன்னு தேடுனா தேடுறவன் மேலதான தப்பு? எம்புள்ள ஏன் செத்தான், என் பாவம் மன்னிக்கப்பட்டுச்சா, நாளைக்கு எந்திரிச்சு எப்படி வேலைக்கு போறது, இதெல்லாம் கமெண்டரிக்கு தெரியாது.

இத நான் எப்படி கத்துக்கிட்டேன்னா, கொள்ளிடத்துல தண்ணி கரை முட்ட ஓடுன வருஷம் பக்கத்து ஊருல ஒரு பெரியம்மாவோட மகன் தண்ணில போயிட்டான். மூணாம் நாள் ஜெபத்துக்கு சபை ஐயர் (போதகர்) வெளியூர் போயிருந்ததால என்னைய பேசச் சொன்னாங்க. யோவான் 11 எடுத்தேன், "இயேசு கண்ணீர் விட்டார்". முந்தின ராத்திரிதான் படிச்சிருந்தேன், செத்துப்போன லாசருவோட சகோதரி மரியாள் அழுததுக்கு போட்டிருக்கிற கிரேக்கச் சொல்லு வேற, வாய்விட்டு கதறுறது, இயேசுவுக்கு போட்டிருக்கிறது வேற, சத்தமில்லாம கண்ணீர் வழியுறது, புதிய ஏற்பாட்டுலயே அந்த வினை இந்த ஒரு இடத்துலதான் வருதுன்னு. எல்லாம் சரியான தகவல்தான். பத்து நிமிஷம் பேசியிருப்பேன். அந்தம்மா செவுத்துல சாஞ்சு முந்தானைய வாய்ல வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு, நான் மூச்சு விட்ட கேப்புல கேட்டுச்சு: "அவரும் அழுதாருல்ல தம்பி?" ஆமா பெரியம்மான்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்த எனக்கு வரல, பைபிள மூடிட்டு பக்கத்துல போயி உக்காந்தேன். அத பத்து நிமிஷம் முன்னாடியே பண்ணியிருக்கணும்.

இத வச்சு படிப்பே வேணாம்னு கிளம்பிறாதீங்க, அது அதவிட மோசம். "இவ்வுலகத்தின் ஞானத்தைத் தேவன் பைத்தியமாக்கவில்லையா"ன்னு 1 கொரிந்தியர் 1:20ஐ தூக்கிட்டு வந்து காலேஜ் புள்ளைங்க வாய அடைக்கிறவங்கள நெறைய பாத்துட்டேன். அத எழுதுன பவுலே கடைசி காலத்துல தீமோத்தேயுகிட்ட மேலங்கி, புஸ்தகம், விசேஷமா தோற்சுருள் எடுத்துக்கிட்டு வான்னு கேக்கிறாரு. நம்ம தரங்கம்பாடில 1706ல வந்து இறங்குன ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு சின்னப்பசங்களோட உக்காந்து மணல்ல அ, ஆ எழுதி கத்துக்கிட்ட ஆளு. தமிழ் சுவடியெல்லாம் தேடித்தேடி சேத்து, தென்னிந்திய தெய்வங்கள பத்தி பெரிய புஸ்தகமே எழுதி ஜெர்மனிக்கு அனுப்புனாரு, அங்க ஹாலே ஊர்ல இருந்துக்கிட்டு இந்த மிஷனரிங்களுக்கு பொறுப்பா இருந்த பிராங்கே அத அச்சுல போடல, அஞ்ஞானத்த ஒழிக்கத்தான் உங்கள அனுப்புனோம், ஐரோப்பாவுல பரப்புறதுக்கு இல்லன்னு பதில் வந்துச்சு. 1867லதான் அது சென்னைல அச்சாச்சு, அவரு செத்து கிட்டத்தட்ட 150 வருஷம் கழிச்சு. சுவடி படிச்சு அவரு விசுவாசம் ஒண்ணும் கரைஞ்சிரல, 36 வயசுல அதே ஊர்ல சாகுற வரைக்கும் அதே ஊழியம்தான்.

கடைசியா, கேள்வியோட வர்ற பசங்கள என்ன பண்றது. அப்போஸ்தலர் 18 பாருங்க, அப்பொல்லோ அலெக்சந்திரியாக்காரன், படிச்சவன், பேச்சுல புலி. அவனுக்கு கொறைய சொல்லிக்குடுத்தது யாருன்னா கூடாரம் தைக்கிற ஒரு புருஷன் பொஞ்சாதி, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். ஜெப ஆலயத்துல எந்திரிச்சு நின்னு மானத்த வாங்கல, தனியா "சேர்த்துக்கொண்டு" சொன்னாங்க. அவனும் கேட்டுக்கிட்டான்.

அதனால கூட்டத்துல பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, அப்புறம் வீட்டுக்கு கூப்பிடுங்க. திருச்சில படிக்கிற ஒரு தம்பி போன லீவுல எல்லார் முன்னாடியும் கேட்டான், யூதாஸ் எப்படிண்ணே செத்தான், மத்தேயுல நாண்டுகிட்டான், அப்போஸ்தலர்ல தலைகீழா விழுந்து வயிறு வெடிச்சான், எது நெசம்னு. தெரியலப்பா, ஞாயித்துக்கெழம சாப்பிட வான்னேன். ரெண்டு கமெண்டரிய விரிச்சு வச்சுக்கிட்டு கெளுத்தி கொழம்போட மூணு மணி வரைக்கும் பேசுனோம், ஒரு முடிவுக்கும் வரல. அடுத்த ஞாயிறும் வந்தான். யூதாஸ் இன்னும் முடியல, ஆனா பேச்சு இப்ப பேதுருகிட்ட வந்திருக்கு, அவனும் யூதாஸ் காட்டிக்குடுத்த அதே ராத்திரி இயேசுவ தெரியாதுன்னு மறுதலிச்சவன்தான, அவன் ஏன் நாண்டுக்கலன்னு போன வாரம் அந்த தம்பியே கேட்டான்.