கேம்பர் டிரெய்லர் வாங்கும்போது முதலில் தகட்டைப் படியுங்கள்

ஆஸ்திரேலியாவைக் குழந்தைகுட்டிகளோடு மாதக்கணக்கில் சுற்றிவர, காருக்குப் பின்னால் இழுத்துப்போய் விரித்தால் கூடாரமாகும் கேம்பர் டிரெய்லர் தேடுகிறீர்களா? அடுப்பு, மெத்தையெல்லாம் அப்புறம். முதலில் டிரெய்லரில் பொருத்தியிருக்கும் எடைத் தகட்டைப் படியுங்கள். காலி எடையும், ஏ.டி.எம். (Aggregate Trailer Mass) என்ற, சுமையோடு சேர்த்து டிரெய்லர் இருக்கக்கூடிய அதிகபட்ச எடையும் அதில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. 400 கிலோ என்றால் தாராளமாகத் தோன்றும். ஆனால் 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ! கேஸ் சிலிண்டர், சாப்பாட்டுச் சாமான், பிள்ளைகளின் சைக்கிள் என்று ஏற்ற ஏற்ற மிச்சம் கரைந்துவிடும். பழைய டிரெய்லர் என்றால் பிறகு மாட்டிய பேட்டரி, பந்தல் எல்லாம் தகட்டுக் கணக்கில் சேர்ந்திருக்காது. எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் காரின் கொக்கியில் இறங்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும்.

விற்பவர் விரித்துக் காட்டுவதை நம்பாதீர்கள், அவர் தினமும் அதைத்தான் செய்கிறார். நீங்களே விரித்து, மடித்துப் பாருங்கள். முன்பக்கமாக விரியும் டிரெய்லரில் உள்ளேயே உட்கார இடம் இருக்கும், மழை நாளில் பிள்ளைகளைச் சமாளிக்கலாம். என் ஓட்டு அதற்குத்தான், எடை கொஞ்சம் கூடினாலும். ஈரக் கான்வாஸை மடிக்க நேர்ந்தால், சீக்கிரமே விரித்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் ரோடு மாதிரி மண்சாலைகளுக்குப் போவதாக இருந்தால், காருக்கும் டிரெய்லருக்கும் ஒரே சக்கரம் பொருந்துமா என்று கேளுங்கள். ஸ்டெப்னியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.