ஆர்ஹெச்ஈஎல் மறுபில்டு டிஸ்ட்ரோக்கள்: கிட் வரலாற்றைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெட் ஹாட் தன் கட்டண லினக்ஸான ஆர்ஹெச்ஈஎல்லுக்கு (ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ்) வெளியிடும் சோர்ஸை (மூல நிரலை) எடுத்து, அதன் லோகோக்களை நீக்கி, மறுபடி பில்டு செய்து தந்தது சென்ட்ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு). இன்று அந்த வேலையைச் செய்வது ராக்கி லினக்ஸ். சோர்ஸ் கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கிடக்கிறது என்பதாலேயே வரலாறும் அங்கே இருக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

முதல் தவறு, இம்போர்ட் கமிட்டை (வெளியிலிருந்து சோர்ஸைக் கொண்டுவந்து சேர்த்த பதிவை) வரலாறாக எடுத்துக்கொள்வது. 2014-ல் ரெட் ஹாட்டோடு சென்ட்ஓஎஸ் இணைந்தபின், எஸ்ஆர்பிஎம் (சோர்ஸ் பேக்கேஜ்) கோப்புகளாக வந்த சோர்ஸ் கிட்டுக்கு மாறியது. அங்கே ஒரு கமிட்டைத் திறந்தால் 'இம்போர்ட்' என்ற சொல், பேக்கேஜ் பெயர், பதிப்பு எண், அவ்வளவுதான். எஸ்ஆர்பிஎம்மைப் பிரித்துக் கொட்டிய நாள்தான் அந்தத் தேதி. கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் யார் மாற்றினார் என்று காட்டும் கட்டளை) போட்டாலும் திருத்தம் எழுதியவர் பெயர் வராது, இம்போர்ட் செய்த கணக்குதான் வரும். பேக்கேஜை பில்டு செய்யும் முறையைச் சொல்லும் ஸ்பெக் கோப்பின் சேஞ்ச்லாக்கைப் (மாற்றப் பட்டியலைப்) பாருங்கள்: பேக்கேஜரின் பெயர், தேதி, பல நேரம் சிவிஇ எண்ணும் (பாதுகாப்புக் குறைபாட்டின் அடையாள எண்) பக்ஜில்லா எண்ணும் (பிழைப் புகாரின் எண்) இருக்கும். லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்கு அதுவும் போதாது. ஆர்ஹெச்ஈஎல் 6 முதல் கர்னல் பேட்ச்கள் (திருத்தங்கள்) தனித்தனியாக வருவதில்லை, ஒரே டார்பாலில் (சுருக்கிய தொகுப்புக் கோப்பில்) கலந்தே வருகின்றன. எந்த வரி எந்தப் பேட்ச்சோடு வந்தது என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. படிப்பவருக்குத்தான் தலைவலி.

கிட் களஞ்சியத்தைக் குளோன் (நகல்) செய்ததும் எல்லாம் கைக்கு வந்துவிட்டதாக நினைப்பதும் சரியல்ல. டார்பால்கள் கிட்டுக்கு வெளியே தனிச் சேமிப்பில் இருக்கும். மெட்டாடேட்டா கோப்பில் இருப்பது அவற்றின் ஹாஷ் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறி) மட்டுமே. ஹாஷைச் சரிபார்த்துவிட்டு பில்டு செய்யுங்கள்.

நீங்களே மறுபில்டு செய்பவரென்றால், சொந்தத் திருத்தத்தை இம்போர்ட் கமிட்டோடு கலக்காதீர்கள். கலந்துவிட்டால் எது ரெட் ஹாட்டின் வேலை, எது உங்கள் வேலை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ராக்கி தன் மாற்றங்களைத் தனிக் களஞ்சியத்தில் வைத்து, இம்போர்ட்டின் மேல் பொருத்துகிறது.

2023 ஜூனில் ரெட் ஹாட், ஆர்ஹெச்ஈஎல் சார்ந்த சோர்ஸ் பொதுவெளியில் இனி சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் (ஆர்ஹெச்ஈஎல்லின் அடுத்த வெளியீட்டுக்கு முன்னோடும் டிஸ்ட்ரோ) வழியாக மட்டுமே வரும் என்று அறிவித்தது. அதன்பின் எல்லா டிஸ்ட்ரோவின் சோர்ஸும் ஒரே வழியில் வருவதாகக் கருதக்கூடாது. இன்னொரு மறுபில்டு டிஸ்ட்ரோவான அல்மாலினக்ஸ் வரிக்கு வரி நகல் என்ற இலக்கையே கைவிட்டு, ஏபிஐ (ABI) பொருத்தம், அதாவது ஆர்ஹெச்ஈஎல்லுக்கு பில்டு செய்த மென்பொருள் இங்கும் ஓடுவது, போதும் என்றது. ராக்கியோ ரெட் ஹாட்டின் யுபிஐ (UBI, யுனிவர்சல் பேஸ் இமேஜ்) கன்டெய்னர்களிலிருந்தும் கிளவுட் இன்ஸ்டன்ஸ்களிலிருந்தும் சோர்ஸ் பெறுவதாகச் சொன்னது.

ஸ்ட்ரீம் 9-ல் நிஜ கமிட்களும் மெர்ஜ் ரிக்வெஸ்ட்களும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகள்) கிடைக்கின்றன. ஒரு திருத்தத்தின் காரணம் தேட நல்ல இடம். ஆனால் அங்கே இருக்கும் திருத்தம் உங்கள் சர்வரிலும் இருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்ட்ரீம் அடுத்த மைனர் வெளியீட்டை நோக்கி ஓடுவது. அவசரப் பாதுகாப்புத் திருத்தமானால் ஆர்ஹெச்ஈஎல்லுக்கு முதலில் வந்து, ஸ்ட்ரீமுக்குப் பிறகு வருவதும் உண்டு.