கள்ளிக்கு வைத்தியம் பார்க்கும் முன்

பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் ஆவணி மாதம் வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். "தம்பி, கேக்டஸ் சுருங்கிக்கிட்டே போகுது. வெயில் தாங்கலை போலன்னு தினமும் தண்ணி ஊத்துறேன், இன்னும் மோசமாகுது." படத்தில் இருந்தது கைப்பிடி அளவு ஜிம்னோகாலிசியம் என்ற கேக்டஸ் வகை. உருண்டை உடம்பு காற்றுப் போன பந்து மாதிரி நெளிந்திருந்தது. நேரில் போய்த் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வேர் என்று சொல்ல எதுவும் இல்லை. கறுத்த நூல் நாலைந்து, தொட்டதும் தோல் கழன்று கையோடு வந்தது. புளித்த வாடை. செடி தாகத்தில்தான் சுருங்கியிருந்தது. ஆனால் குடிக்க அதற்கு வாய் இல்லை.

கேக்டஸ் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் முதல் இடம் இதற்குத்தான். தண்ணீர் இல்லாமல் வாடினாலும், தண்ணீர் மிஞ்சி வேர் அழுகினாலும் வெளியே தெரிவது ஒரே சுருக்கம். மேலே பார்த்து முடிவு செய்யவே கூடாது. செடியை உருவி வேரைப் பார்க்க வேண்டும். வேர் உறுதியாக இருந்து, மண்ணும் அடிவரை காய்ந்திருந்தால் ஒருமுறை நன்றாக நனையுங்கள். சில நாளில் உடம்பு நிமிர்ந்துவிடும். நிமிரவில்லை என்றால் மறுபடி ஊற்றாதீர்கள், மறுபடி வேரைப் பாருங்கள்.

நர்சரியில் வாங்கிய செடி என்றால் வேர்க்கட்டின் நடுவில் தென்னை நார்த்தூள் உருண்டை ஒன்று இருக்கும். வெளி மண் காய்ந்த பிறகும் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரேயடியாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. வாங்கி வந்ததும் அதை உதிர்த்துவிட்டு, பாதிக்கு மேல் பருமணலும் சிறு கல்லும் கலந்த மண்ணில் வைப்பது என் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாடியில் திறந்து கிடந்தால் அந்த மண்ணும் காப்பாற்றாது. மேலே ஒரு கூரை வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி உண்டு. உங்களிடம் இருப்பது கேக்டஸ்தானா?

தமிழில் முள்ளும் சதையும் உள்ள எல்லாவற்றையும் கள்ளி என்றுவிடுகிறோம். சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி, இலைக்கள்ளி மூன்றும் யூஃபோர்பியா, அதாவது ஆமணக்குக் குடும்பம். சங்கப் பாட்டில் பாலை நிலத்துக் கள்ளிக்காடு வருகிறதே, அதில் கேக்டஸ் இருந்திருக்க வழியில்லை. கேக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தம். ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற ஒன்று மட்டும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் இயற்கையாக மரங்களில் தொங்குகிறது. அதற்குப் பெரும்பாலும் முள்ளே கிடையாது. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளி கேக்டஸ்தான், ஆனால் வந்தேறி.

அடையாளம் முள்ளில் இல்லை, முள் முளைக்கும் இடத்தில் இருக்கிறது. கேக்டஸில் அந்த இடத்தில் பஞ்சு ஒட்டியது போல ஒரு சின்ன மெத்தை இருக்கும். ஏரியோல் என்பார்கள். முள், பூ, கிளை எல்லாம் அதிலிருந்துதான் வரும். அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸுக்கு முள் இல்லை, ஆனால் பஞ்சுப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அதனால் அது கேக்டஸ். சதுரக்கள்ளியின் முள் விளிம்பிலிருந்து இரண்டிரண்டாக நேரே வரும், பஞ்சு இருக்காது. பால் வந்தால் யூஃபோர்பியா என்று சிலர் கீறிப் பார்ப்பார்கள். மாமிலேரியா என்ற கேக்டஸ் வகையில் சில இனங்களுக்கும் பால் வரும், அதனால் அந்தச் சோதனை முழுசாக நம்பத் தகுந்ததில்லை. தவிர, கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பெரும்பாடு. வெட்டுவதானால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பெயரைத் தப்பாக எடுத்துக்கொண்டால் பராமரிப்பும் தப்பாகிறது. கிறிஸ்மஸ் கேக்டஸ் பிரேசில் கடலோர மலைக்காடுகளில் மரக்கிளை மேல் நிழலில் வளர்வது. கேக்டஸ் ஆயிற்றே என்று மொட்டை மாடி வெயிலில் வைத்துத் தண்ணீரையும் நிறுத்தினால் சிவந்து சுருண்டுவிடும். சிவப்புத் தலையோடு விற்கும் மூன் கேக்டஸ் உண்மையில் இரண்டு செடி. மேலே உள்ளதற்குப் பச்சையமே இல்லை, தனியாக உணவு தயாரிக்கத் தெரியாது. கீழே உள்ள டிராகன் பழக் கள்ளித் தண்டுதான் சோறு போடுகிறது. அசிங்கமாக இருக்கிறதென்று தண்டை வெட்டிவிட்டுத் தலையை மண்ணில் நட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, சின்னக் கேக்டஸ் உச்சியில் வாடாமல் நிற்கும் அழகான பூ. லேசாக அசைத்துப் பாருங்கள், பசை தெரியும்.

அடுத்து கறைகள். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு சித்திரையில் என் செடியில் வெளிர் மஞ்சள் திட்டு விழுந்தது. பூஞ்சை என்று முடிவு கட்டி மூன்று வாரம் மருந்து அடித்தேன். திட்டு பரவவும் இல்லை, போகவும் இல்லை. பிறகுதான் கவனித்தேன்: மேற்குப் பக்கம் மட்டும்தான் கறை. பச்சை நிழல்வலைக்குள் வளர்ந்த செடியைக் கொண்டுவந்து நேராகச் சித்திரை வெயிலில் வைத்திருக்கிறேன். அது வெயில் சூடு. அந்தத் தழும்பு ஆயுசுக்கும் இருக்கும், ஆனால் செடிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டியிருந்தால் போதும்.

அதிலிருந்து கறையின் நிறத்தைவிட அது எங்கே தொடங்கியது என்றுதான் பார்க்கிறேன். வெயில் படும் பக்கம் மட்டும் என்றால் சூடு. உச்சியின் இளம் பகுதியில் துருப்பிடித்தாற்போல, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் செம்பேன். வெள்ளைத் தாளைப் பிடித்துச் செடியை மெதுவாகத் தட்டினால் தூசி போல விழுந்தது ஊர்ந்து போகும். செம்பேன் பூச்சி இனமில்லை, சிலந்தி இனம்; பூச்சிக்கொல்லி என்று கடையில் தருவதில் பல அதனிடம் பலிக்காது. வேப்பெண்ணெய் அடித்தால் சாயங்காலம் அடியுங்கள், வெயிலில் அடித்தால் வெந்துவிடும். நீல நிறக் கேக்டஸ் மேல் அடித்தால் அதன் மெழுகுப் பூச்சு போய் நீலமும் போய்விடும். அடியில் பழுப்பாக, மரப்பட்டை போலக் கெட்டியாகிக்கொண்டே மேலேறுவது பெரும்பாலும் வெறும் வயசு. விரலால் அழுத்துங்கள்: கெட்டி என்றால் விட்டுவிடுங்கள், அமுங்கினால் அன்றே கத்தியை எடுங்கள்.

வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் எல்லாரும் மாவுப்பூச்சி என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஸ்பிரிட் தொட்ட பட்ஸால் துடைக்கலாம். தொட்டியின் உள்சுவரிலும் வெள்ளைப் பொடி இருக்கிறதா பாருங்கள், வேரிலும் அது குடியிருக்கும். ஆனால் சப்பாத்திக்கள்ளியில் பஞ்சைக் கண்டால் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். ரத்தம் போலச் சிவப்பு வழிந்தால் அது கோச்சினீல், சாயப்பூச்சி. இந்தப் பூச்சியை அடையாளம் காண்பதில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே கோட்டை விட்டிருக்கிறார்கள். 1795-இல் பிரேசிலிலிருந்து, உயர்தரச் சாயம் தரும் இனம் என்று நம்பி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம். சாயம் தேறவில்லை, ஆனால் வட இந்தியாவில் பரவிக் கிடந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்று தீர்த்தது. தெற்கே பரவியிருந்த இன்னொரு இனச் சப்பாத்திக்கள்ளியிடம் அதே பூச்சி பலிக்கவில்லை. அதற்கென்று வேறொரு கோச்சினீல் 1926-இல் இலங்கையிலிருந்து வந்தது, பிறகுதான் இங்கே அந்தக் கள்ளி அடங்கியது. கள்ளிக்கு ஏற்ற பூச்சி, பூச்சிக்கு ஏற்ற கள்ளி!

அக்காவின் செடிக்கு வருகிறேன். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து அடியிலிருந்து மெல்லிய வில்லையாக வெட்டினேன். நடுவில் வளையம் ஒன்று தெரியும், அதுதான் செடியின் குழாய். முதல் வெட்டில் வளையம் பழுப்பு. சதை சுத்தமாகத்தான் இருந்தது, அங்கே நிறுத்தியிருந்தால் ஒரு வாரத்தில் மேலே ஏறியிருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து, வளையத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத வரை வெட்டினேன். பாதி செடிதான் மிஞ்சியது. நிழலில் பத்து நாள் கவிழ்த்துப் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு உலர்ந்த மணல்மேல் உட்கார வைத்தோம்.

ஐப்பசி முதல் வாரம் தூக்கிப் பார்த்தால் நகக்கண் அளவில் இரண்டு வெள்ளை வேர். "இப்பவாவது தண்ணி ஊத்தலாமா தம்பி?" என்றார் அக்கா. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் போகட்டும் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.