உடல் அடங்கினால் வலிப்பு நின்றுவிட்டதா? தலைக்காயச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பூர் கணவாய் விபத்துகளில் தலையில் அடிபட்டு தருமபுரிக்குக் கொண்டுவரப்படுவோரைப் பார்க்கும் இளம் மருத்துவர்கள், முன்பிருந்தவர்கள் செய்த அதே தவறுகளை மீண்டும் செய்வதைக் கண்டே இதை எழுதுகிறேன். இரத்தச் சர்க்கரை பார்ப்பது போன்றவை அனைவரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அசைவின்மையை வலிப்பின்மை என்று கொள்வது

கிருஷ்ணகிரிப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு வலிப்பு வந்தபோது, சுவாசக் குழாய் பொருத்துவதற்காகத் தசை தளர்த்தும் மருந்து கொடுத்தார்கள். உடல் அடங்கியதும், வலிப்பு நின்றது என்று குறிப்பெழுதிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் அவர் கண் விழிக்கவில்லை. மயக்க மருந்தின் மிச்சம் என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, மகனின் இமை விட்டுவிட்டுத் துடிப்பதைத் தாய்தான் கவனித்துச் சொன்னார். மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. எடுத்தபோது வலிப்பு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மருந்து, நரம்பும் தசையும் சேரும் இடத்தை மட்டுமே தடுக்கிறது. மூளை அணுக்கள் கட்டுப்பாடின்றி ஒருசேர மின்துடிப்பை வெளியிடுவதை அது தொடுவதே இல்லை. ஏற்கெனவே அடிபட்ட மூளை, ஓயாத வலிப்பால் மேலும் ஆக்சிஜனையும் சர்க்கரையையும் செலவழிக்கிறது. 2004இல் வெளியான ஆய்வொன்றில், தொடர் ஈ.ஈ.ஜி. எடுக்கப்பட்ட 570 பேரில் 110 பேருக்கு வலிப்பு பதிவானது. அவர்களில் 92 சதவீதத்தினருக்கு உடல் வெட்டி இழுக்கவே இல்லை. இத்தனை தெரிந்த பின்னும், ஈ.ஈ.ஜி. பார்க்காமல் 'வலிப்பு நின்றது' என்று எழுதப்பட்ட குறிப்பைக் காணும்போது எனக்குக் கோபமே வருகிறது.

அரைமணி ஈ.ஈ.ஜி. பதிவோடு முடித்துக்கொள்வது

அதே ஆய்வில், வலிப்பு கண்டவர்களில் 88 சதவீதத்தினருக்கு முதல் வலிப்பு 24 மணி நேரப் பதிவுக்குள் தெரிந்தது. அவர்களில் ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு அதைவிட நீண்ட பதிவு தேவைப்பட்டது. தொடர் பதிவுக்கு வசதி இல்லாத இடத்தில் அரைமணிப் பதிவையாவது மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும். விழிக்காதவரைத் தாமதிக்காமல் வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

எண்ணெய்த் தலையில் ஈ.ஈ.ஜி. மின்முனை ஒட்டுவது

எண்ணெயைத் துடைத்த பிறகு ஒட்டுங்கள்.

ஃபெனிட்டாயினை டெக்ஸ்ட்ரோஸில் கலப்பது

வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின், டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசலில் துகளாகப் படிந்துவிடும்; நார்மல் சலைன் என்னும் உப்புக் கரைசலில் மட்டும் கலக்க வேண்டும்.

வலிப்புத் தடுப்பு மருந்தை நிறுத்த மறப்பது

தலையில் அடிபட்ட 404 பேரிடம் நடத்தப்பட்டு 1990இல் வெளியான ஆய்வில், ஃபெனிட்டாயின் முதல் வாரத்து வலிப்பைக் குறைத்தது. அதற்குப் பின் வரும் வலிப்பைத் தடுக்கவில்லை. ஆகவே வலிப்பே வராதவருக்கு, மாத்திரையை நிறுத்தும் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிவிட வேண்டும். தேதி எழுதப்படாத சீட்டோடு அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வருவோர், மாதக்கணக்கில் அதை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.