சைக்ளோஹெக்சேன் நாற்காலியை மாணவரே கட்டட்டும்: அவகாட்ரோ செய்முறை

கரிம வேதியியல் வகுப்புக்கு, மூலக்கூறுகளைக் கட்டிப் பார்க்கும் மென்பொருளான அவகாட்ரோ போதும். இலவசம்; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஆனால் தயாராக இருக்கும் மாதிரியைத் திறந்து சுழற்றிக் காட்டாதீர்கள். பார்த்து ரசித்துவிட்டு அடுத்த நாளே மறந்துவிடுவார்கள்.

முதலில் டிரா கருவி. தனிமம் கார்பன், ஒற்றைப் பிணைப்பு, 'அட்ஜஸ்ட் ஹைட்ரஜன்ஸ்' டிக் ஆகியிருக்க வேண்டும். மவுஸை அழுத்தி இழுத்து இழுத்து ஆறு கார்பன், கடைசியை முதலாவதோடு சேர்த்தால் சைக்ளோஹெக்சேன் வளையம். தப்பான அணுவை வலது கிளிக் நீக்கிவிடும்.

அடுத்து விசைப்புலமாக (மூலக்கூறின் ஆற்றலைக் கணக்கிடும் சூத்திரத் தொகுப்பு) எம்.எம்.எஃப்.எஃப்.94 தேர்ந்தெடுத்து, ஆற்றல் குறையும்படி வடிவத்தைச் சரிசெய்யும் 'ஆப்டிமைஸ் ஜியாமெட்ரி' கொடுங்கள். பதிப்பைப் பொறுத்து மெனு இடம் மாறும். இங்கேதான் பாடம் சூடுபிடிக்கும்: சிலருக்கு வளையம் நாற்காலி வடிவில் வரும், சிலருக்கு முறுக்கிய படகு போன்ற முறுக்குப் படகு வடிவம் வரலாம். உடனே திருத்த வேண்டாம். கோலிக்குண்டு பக்கத்துக் குழியில்தானே விழும்? மென்பொருளும் அப்படித்தான், ஆற்றல் ஆகக் குறைந்த வடிவம் என்ற ஆக ஆழமான குழியைத் தேடிப் போகாது.

எது யாருடையது என்று எப்படித் தெரியும்? மெஷர் கருவியால் அடுத்தடுத்த நான்கு கார்பன்களைக் கிளிக் செய்து இருமுகக் கோணம் (நடுப் பிணைப்பைச் சுற்றிய திருகல்) பாருங்கள். சுற்றிலும் 55 டிகிரியை ஒட்டி, குறி மட்டும் மாறி மாறி வந்தால் நாற்காலி. சில 30 அருகே, சில 60க்கு மேல் என்றால் முறுக்குப் படகு. அது நாற்காலியைவிடச் சுமார் 23 கிலோஜூல்/மோல் மேலே இருக்கிறது. சரி, இப்போது ஆட்டோ ஆப்டிமைசேஷனை ஓடவிட்டு ஒரு முனைக் கார்பனை மவுஸால் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். வளையம் புரண்டு நாற்காலியாகும்.

அப்புறம் மெத்தில் (CH₃) தொகுதி. டிரா கருவியில் கார்பனை வைத்துக்கொண்டு ஆக்சியல் (வளையத்துக்குச் செங்குத்தாக மேலோ கீழோ நிற்கும்) ஹைட்ரஜன் ஒன்றைக் கிளிக் செய்தால் அது மெத்திலாகிவிடும். ஆப்டிமைஸ் செய்து ஆற்றலைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈக்குவட்டோரியலுக்கு (வளையத்தின் பக்கவாட்டில் நீளும் இடம்) தனிக் கோப்பு. தனித்த ஆற்றல் எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஒரே வாய்பாடு, ஒரே விசைப்புலம் என்றால்தான் ஒப்பிடலாம். சோதனை தரும் வேறுபாடு சுமார் 7.3 கிலோஜூல்/மோல், அதனால் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 95 சதவீதம் ஈக்குவட்டோரியல். உங்கள் எண் கொஞ்சம் தள்ளி வந்தால் பதற வேண்டாம்.

காரணத்தைக் காட்ட 'வாண்டர்வால்ஸ் ஸ்பியர்ஸ்' காட்சிக்கு மாற்றுங்கள். ஆக்சியல் மெத்தில், அதே பக்கத்தில் 3, 5ஆம் கார்பன்களின் ஆக்சியல் ஹைட்ரஜன்களோடு முட்டிக்கொண்டு நிற்பது பளிச்செனத் தெரியும்.

வீட்டுப்பாடமாக, மெத்திலுக்குப் பதில் அதைவிடப் பருமனான டெர்ட்-பியூட்டைல் தொகுதி. ஆப்டிமைஸ் பட்டனைத் தொடும் முன் வேறுபாடு எவ்வளவு வரும் என்று நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.