வீடியோவில் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் வரவில்லை

பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்கத் தொடங்கியபோது எனக்கு இருந்த தொல்லை இதுதான். பாடம் பார்க்கும்போது எல்லாம் புரியும். காலித் திரையைத் திறந்தால் கை ஓடாது.

இதைச் சரிசெய்தது ஒரு சின்னப் பழக்கம்: நிரலை ஓட்டுவதற்கு முன்பே என்ன விடை வரும் என்று தாளில் எழுதிவிடுவது. இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் நிரலுக்கு 5, 7 என்று கொடுத்தேன். தாளில் 12, திரையில் 57! நாம் தட்டுவதை வாங்கித் தரும் பைத்தானின் இன்புட் (input), எதைத் தட்டினாலும் எழுத்துச் சரமாகவே, அதாவது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்து வரிசையாகவே தரும். இரு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் ஒட்டி வைத்துவிடும். இன்ட் (int) என்ற கட்டளை கொண்டு எண்ணாக மாற்றியதும் 12 வந்தது. அந்த விஷயம் அப்புறம் மறக்கவே இல்லை.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்கும் தாள்தான். மதிப்பைப் பெயரிட்டு வைத்திருக்கும் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நெடுவரிசை போட்டு, சுற்றுக்குச் சுற்று மதிப்பை எழுதினேன். லூப்புக்கு எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சில் (range) 1, 5 என்று கொடுத்தால் 4-லேயே நின்றுவிடும் என்பது அப்படித்தான் மனதில் பதிந்தது.

பிழைச் செய்தி நீளமாக வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன வகைப் பிழை என்பது அங்கேதான் இருக்கும். எந்த வரி என்பது அதற்குச் சற்று மேலே.

எந்த மொழியில் தொடங்குவது என்ற விவாதத்தில் நேரம் போக்க வேண்டாம், ஏதோ ஒன்று போதும். வீடியோவை மூடிவிட்டு அதே நிரலைப் பார்க்காமல் எழுதுங்கள். வந்துவிட்டதா? சரி, இரண்டு எண்ணுக்குப் பதில் பத்து எண்களைக் கூட்டச் சொல்லிப் பாருங்கள்.