ஏ லெவல் உளவியல்: மார்க் நழுவும் இடங்கள்

இங்கிலாந்தில் சிக்ஸ்த் ஃபார்மில், அதாவது ஏ லெவல் தேர்வுக்குப் படிக்கும் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில், உளவியல் எடுக்கும் பிள்ளைகள் பலர், இது பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்யும் பாடம் என்றே நினைத்துத் தொடங்குகிறார்கள். மனப்பாடம் வேண்டும்தான். ஆனால் பாதி மார்க்கைக்கூட அது வாங்கித் தராது.

ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று பேப்பர், ஒவ்வொன்றும் 2 மணி நேரம், 96 மார்க். கணக்குப் போட்டால் ஒரு மார்க்குக்கு ஒன்றேகால் நிமிடம், 16 மார்க் கட்டுரைக்கு 20 நிமிடம். அந்தக் கட்டுரையில் விவரிப்புக்கு 6 மார்க்தான். மீதி 10 மதிப்பீட்டுக்கு. கேள்வியோடு ஒரு சூழ்நிலை கொடுத்திருந்தால் பங்கு 6, 4, 6 என்று மாறும். நடுவில் உள்ள 4, அந்தச் சூழ்நிலையில் வரும் ஆளையும் அவர் செய்ததையும் சுட்டி எழுதுவதற்கு. கட்டளைக்குப் பணிந்து இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்த மில்கிராம் ஆய்வை வோல்ட் வோல்ட்டாக இரண்டு பக்கம் எழுதினாலும் 6-ஐத் தாண்ட முடியாது.

மதிப்பீடு எங்கே சறுக்குகிறது என்று பாருங்கள். 1974-இல் லாஃப்டஸ், பாமர் என்ற உளவியலாளர்கள் 45 மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சிகள் கொண்ட சிறு படங்களை ஓட்டிக் காட்டி, கார்களின் வேகத்தைக் கேட்டார்கள். கேள்வியில் 'ஸ்மாஷ்ட்' (மோதி நொறுங்கின) என்று வந்தபோது சராசரி விடை மணிக்கு 40.5 மைல், 'கான்டாக்டட்' (தொட்டுக்கொண்டன) என்றபோது 31.8. இதற்கு 'ஆய்வுக்கூடச் சோதனை, ஆகவே செயற்கையானது' என்று எழுதி நிறுத்தினால் அது எந்த ஆய்வுக்கும் ஒட்டும் வரி. மார்க் அதிகம் விழாது. படம் பார்ப்பவருக்கு நேரில் கண்டவரின் அதிர்ச்சி இல்லை என்று காரணம் சொல்லுங்கள். பிறகு சான்று வையுங்கள்: 1986-இல் யூல், கட்ஷால் என்ற ஆய்வாளர்கள் கனடாவின் வான்கூவரில் உண்மையான துப்பாக்கிச் சூட்டைக் கண்ட 13 பேரை நாலைந்து மாதம் கழித்து விசாரித்தபோது, திசைதிருப்பும் கேள்விகள் அவர்களை அதிகம் குழப்பவில்லை. ஆகவே கேள்வியின் சொல் நினைவை மாற்றும் என்பதை எல்லாச் சாட்சிகளுக்கும் பொருத்த முடியாது என்று முடியுங்கள். இப்படி மூன்று மதிப்பீடு எழுதினால் மேலோட்டமான ஆறை விட நிறையக் கிடைக்கும்.

அடுத்தது ஆய்வு முறைகள். இரண்டாம் பேப்பரின் 96-இல் 48 இதற்கே போகிறது. மற்ற இரண்டிலும் இது தலைகாட்டும். மொத்தத்தில் குறைந்தது பத்து சதவீதம் கணக்கு. பயந்து கடைசிக்குத் தள்ளுபவர்களே அதிகம், ஆனால் கொஞ்ச உழைப்பில் மார்க் உயர்வது இங்கேதான். சைன் டெஸ்டையே பாருங்கள். ஒவ்வொருவரின் மாற்றத்தையும் கூட்டல் அல்லது கழித்தல் குறியாக வைத்து, அது தற்செயலா என்று பார்க்கும் கணக்கு இது. பத்து பேரைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோதிக்கிறோம்: 7 பேருக்கு மதிப்பெண் கூடியது, ஒருவருக்குக் குறைந்தது, இருவரிடம் மாற்றமில்லை. மாற்றமில்லாத இருவரையும் நீக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையான N என்பது 8. குறைவாக வந்த குறியின் எண்ணிக்கைதான் S, அதாவது 1. திசை சொல்லாத கருதுகோள் (கூடுமா குறையுமா என்று சொல்லாமல், மாறும் என்று மட்டும் சொல்வது) என்றால் 0.05 நிலையில், அதாவது வழக்கமான 5 சதவீத வரம்பில், அட்டவணை மதிப்பு 0. S அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். இல்லாததால் முடிவு குறிப்பிடத்தக்கதல்ல, அதாவது தற்செயலாகவும் வந்திருக்கலாம். இருவரையும் நீக்க மறந்து N-ஐ 10 என்று வைத்தால் அட்டவணை 1 காட்டும், விடை தலைகீழாகிவிடும். கருதுகோள் திசை சொல்வதாக இருந்தால் N 8-க்கும் மதிப்பு 1. அப்போது அதே எண்கள் குறிப்பிடத்தக்கவை. அதனால் அட்டவணையைத் தொடும் முன் கருதுகோளை இன்னொரு முறை வாசியுங்கள்.

படிக்கும் விதத்துக்கு உளவியலே வழி சொல்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் காட்டியது இது: ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். கலர் பேனாவால் கோடிட்டு வாசிக்கும்போது 'தெரியும்' என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிடத் தெளிவுதான். பாடம் நடந்த அன்று மாலை நோட்டை மூடி, வெற்றுத் தாளில் நினைவுக்கு வந்ததை எழுதுங்கள். விட்டதை வேறு நிறப் பேனாவால் சேருங்கள். மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை அதே தலைப்பு. சேர்த்தவை குறைந்தபின் கடிகாரம் வைத்து 20 நிமிடத்தில் ஒரு பழைய 16 மார்க் கேள்வி எழுதி, மார்க்கிங் ஸ்கீமோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது விவரிப்பா, மதிப்பீடா என்று குறியுங்கள். விவரிப்பு பாதிக்கு மேல் போயிருந்தால், அடுத்த முறை அதற்கு ஏழரை நிமிடத்தோடு நிறுத்துங்கள்.